வாய் திறக்காமல் கூவியவன்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குக் குரல் இருந்தது, ஆளுக்கொரு குரல்தான் இல்லை. மைனா கூவினாலும் மரங்கொத்தி கூவினாலும் சத்தம் ஒன்றுதான். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கூவுவது யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அப்போது பறவைகள் எல்லாம் வியாபாரிகள். ஏரிக்கரையில் ஒரு பெரிய இலுப்பைத் தோப்பு இருந்தது. அணில், வயல் எலி, முயல், ஓணான் என்று நாலு கால் சனம் பூராவும் அங்கேதான் குடியிருந்தது. அவர்கள் வாசலுக்குப் பறவைகள் சரக்குக் கொண்டுபோகும். மீன்கொத்தி மீன் விற்கும். தேன்சிட்டு தேன் விற்கும். தையல்சிட்டு இலையோடு இலை சேர்த்துத் தைத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கும். பதிலுக்குப் பழமோ, தானியமோ, கொட்டையோ கிடைக்கும். அதில் குடும்பம் ஓடும்.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு கூவல் இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். மயிலால் வந்தது வினை. அதன் தொண்டை பெரிய தொண்டை. அது ஒரு தரம் அகவினால் தோப்பு முழுக்க அதன் பக்கம் திரும்பிவிடும். சின்னப் பறவைகள் காலையிலிருந்து மாலை வரை கத்திவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்பின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டம் போட்டார்கள். இனிமேல் தோப்பில் ஒரே கூவல்தான், ஒரே குரல்தான், யாரும் யாரையும் மிஞ்சக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மயில் கோபித்துக்கொண்டு தன் குரலையும் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டது.

அதற்குப் பிறகு விடிந்ததும் எல்லாப் பறவைகளும் ஏரிக்கரைப் பாறையில் வரிசையாக உட்கார வேண்டும். அலகை அகலமாகத் திறந்து, "வந்தோம் வந்தோம், வாசல் திறங்க!" என்று சேர்ந்து கூவிப் பழக வேண்டும். யார் குரலாவது கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ அன்றைக்கு அவருக்குத் தொழில் கிடையாது. கூவல் மட்டுமல்ல, பேச்சுக் குரலும் நாளாவட்டத்தில் ஒன்றாகவே ஆகிவிட்டது. எல்லோருக்கும் இதில் திருப்திதான். யாரும் பட்டினி இல்லை. அந்த மட்டும் அது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் சொல்வேன்.

பாறைக்குக் கீழே கோரைப்புல் மண்டிக் கிடந்தது. அதற்குள் ஒன்று படுத்துக்கொண்டு, தினமும் திறக்கிற அலகுகளையே கவனித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பச்சையன் என்று ஒரு சின்னப் பறவை அந்த வரிசையின் கடைசியில் உட்காரும். உச்சி முதல் வால் வரை ஒரே பச்சை. இலைக்கு நடுவில் உட்கார்ந்தால் இலைக்கே அடையாளம் தெரியாது. காய்ந்த கிளையைக் குடைந்து பொந்து போட்டுத் தருவது அவன் தொழில். அதே தொழிலைத்தான் மரங்கொத்தி கொண்டையப்பரும் செய்தார். அவர் பெரிய ஆள், பறவைகளுக்குத் தலைவர், தலையில் கொண்டை வேறு. அவர் போடுகிற பொந்து வாய் அகன்று கிடக்கும். பச்சையன் போடுவது சின்ன வாய், உருண்டையான வாய், உள்ளே கை வைத்தால் வழுக்கும். ஆனாலும் தோப்பில் எங்கே நல்ல பொந்தைப் பார்த்தாலும், "கொண்டையப்பர் வேலை மாதிரி இருக்கே" என்றுதான் சொல்வார்கள். குரல் ஒன்று, தொழில் ஒன்று. யார் செய்தது என்று யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

பச்சையனுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் பயந்த சுபாவம். பயந்தாங்கொள்ளி என்று நேரில் சொன்னால்கூட ஆமாம் என்று ஒத்துக்கொள்வான். இலையோடு இலையாக, குரலோடு குரலாக இருப்பது அவனுக்குப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற மாதிரி சுகமாக இருந்தது. வீட்டில் மரகதம் இருந்தாள். முட்டைகள் பொரியும் நேரம். அவனுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்தக் கோடையில்தான் அது ஆரம்பித்தது.

முதலில் வயல் எலியின் வீடு. வேரடியில் இருந்த வளை. நல்ல உச்சி வெயிலில், தோப்பே கண்ணை மூடிக் கிடந்த நேரத்தில் நடந்திருக்கிறது. மாலையில் பக்கத்து வீட்டுக்காரி போய்ப் பார்த்தபோது வாசல் திறந்து கிடந்தது. உள்ளே குஞ்சு குளுவான் ஒன்றும் இல்லை. வைக்கோல் படுக்கை மட்டும் வாசல்வரை இழுபட்டுக் கிடந்தது.

அதைவிடப் பயங்கரமான விஷயம் ஒன்று இருந்தது. வாசலை யாரும் உடைக்கவில்லை. முட்டுக் கொடுத்திருந்த கல் உள்பக்கமாக, ஒழுங்காக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. எலிக்காரியே திறந்துவிட்டிருக்கிறாள்.

அடுத்து ஒரு முயல் வீடு. அதற்கப்புறம் ஓணான் குடும்பம். எல்லா இடத்திலும் உள்ளிருந்தே திறந்த வாசல். முயல் வீட்டில் தப்பிப் பிழைத்தது ஒரு குட்டி மட்டும். அதை என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னது.

"வந்தோம் வந்தோம்னு கூவுனாங்க. தேன்னு சொன்னாங்க. அம்மா திறந்தா."

அன்றோடு இலுப்பைத் தோப்பில் வாசல்கள் மூடிக்கொண்டன. மீன்கொத்தி கூவிக் கூவித் தொண்டை வறண்டுபோனான். மீன் நாறிப்போனதுதான் மிச்சம். தேன்சிட்டு வாசலுக்குப் போனால் உள்ளேயிருந்து, "போயிரு, தூரப் போயிரு" என்று குழந்தைகள் அழுதன. பறவைகளில் யாரோதான் இதைச் செய்கிறார்கள் என்று தோப்பில் பேச்சு எழுந்தது. யார் என்று தெரியாததால் எல்லோரும்தான் என்று ஆகிவிட்டது. நேற்றுவரை தங்களைக் காப்பாற்றிய ஒற்றைக் குரல் இன்றைக்குத் தங்கள் கழுத்தைப் பிடித்ததைப் பறவைகள் பார்த்தார்கள். பார்த்தும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பச்சையன் குடியிருந்த மரத்திலேயே கீழ்க்கிளையில் வேலாயி என்ற அணில் இருந்தாள். புருஷனைப் பருந்து தூக்கிப்போன பிறகு பிள்ளைகளோடு தனியாகக் காலம் தள்ளுகிறவள். அவள் இருந்த பொந்து பழசு. வாய் உளுத்துப்போய், ஒரு மரப்பட்டையை உள்ளிருந்து சாத்தி முட்டுக் கொடுத்திருந்தாள். எட்டிப் பிடித்தால் கையோடு வந்துவிடும் பட்டை அது. வேறு பொந்து போட்டுத் தரச்சொல்லி அவள் முன்பே கேட்டிருந்தாள். பச்சையன் மேலே ஒரு காய்ந்த கிளையில் சின்ன வாயாகக் குடைந்து முடித்துவிட்டான். அவளையும் பிள்ளைகளையும் குடியேற்ற வேண்டியதுதான் பாக்கி.

அதைச் சொல்ல ஒரு மத்தியானம் அவள் வாசலுக்குப் போனான்.

"வந்தோம் வந்தோம், வாசல் திறங்க!"

உள்ளே பிள்ளைகள் கீச்சிட்டன. யாரோ அவற்றின் வாயைப் பொத்தினார்கள்.

"யாரது?"

"நான்தான் வேலாயிக்கா, பச்சையன். பொந்து தயாராயிருச்சு. வாங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

"பச்சையன்னு எப்படி நம்புறது?"

அவன் திகைத்துப்போனான். "நாமதான பேசினோம் அக்கா? கொட்டை தர்றேன்னு நீங்க சொல்லலையா? மேக்குப் பாத்த வாசல் வேணாம், மழை அடிக்கும்னு சொல்லலையா?"

"அதெல்லாம் கிளையில உக்காந்து சத்தமாத்தான் பேசினோம். யார் வேணா கேட்டிருக்கலாம்."

"இடுக்கு வழியா எட்டிப் பாருங்க. என் மூஞ்சி தெரியும்."

"எலிக்காரியும் இடுக்கு வழியாத்தான் எட்டிப் பார்த்திருப்பா. வந்தது எதுவோ, அது கையை உள்ள விட அந்த இடுக்கே போதுமா இருந்திருக்கும்."

அவன் அலகால் பட்டையைத் தட்டினான். "இந்தாங்க, கேளுங்க, அலகுச் சத்தம்."

"அதுக்கும் நகம் இருக்கும்ல?" என்றாள் வேலாயி. அவள் அழுதுகொண்டிருந்தாள். "கோவிச்சுக்காதப்பா. நீ பச்சையனாவே இருந்தாலும் போயிரு. நான் திறக்கமாட்டேன்."

 தான்தான் பச்சையன் என்று காட்டுவதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. குரல் எல்லோருடையதும். நிறம் இலையுடையது. வேலை கொண்டையப்பர் பெயரில். இவ்வளவு நாளும் சுகமாகப் போர்த்திக்கொண்டிருந்த போர்வைக்குள் ஆளே இல்லையோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் மரத்துக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வேலாயிக்கா, நான்தான் பச்சையன்."

அவன் குரல். அச்சு அசல் அவன் குரல்.

"வாசல்ல நிக்கிறது நானில்ல அக்கா. மேல் பக்கம் திறக்காதீங்க. பின்பக்க ஓட்டை வழியா பிள்ளைகளை ஒவ்வொண்ணா இறக்கி விடுங்க. நான் கீழ நிக்கிறேன்."

பச்சையன் கிளையின் ஓரத்துக்கு நகர்ந்தான். மெதுவாகத் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தான். வேரடியில் சருகு நிறத்தில் ஒரு காட்டுப்பூனை படுத்திருந்தது. வால் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்தது. அதன் வாய், பறவை அலகைப் போலவே அகலமாகத் திறந்து மூடியது. பாறை மேல் தினமும் அவர்கள் எப்படித் திறந்து மூடுவார்களோ, அப்படியே. பேசிக்கொண்டே அது நிமிர்ந்து அவனைப் பார்த்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. பாடம் படிக்கிற பிள்ளையின் கண் மாதிரி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சையன் பறந்துவிட்டான். எங்கே போகிறோம் என்றுகூடத் தெரியாமல் பறந்தான். வேலாயி அன்றைக்கு எந்தப் பக்கமும் திறக்காததால் அவள் பிள்ளைகள் பிழைத்தன. அதில் அவன் சாமர்த்தியம் ஏதும் இல்லை.

மறுநாள் விடியலில் பாறையில் எல்லோரும் கூடியபோது அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே கோரைப்புல் பக்கம் பார்த்துப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நாம கத்துக் கொடுத்துத்தான் அது கத்துக்கிச்சு. ஒரே ஒரு குரல். அதைப் படிச்சா தோப்புல அத்தனை வாசலும் அதுக்குத் திறந்துரும். இனிமே ஆளுக்கொரு சத்தம் வச்சுக்குவோம்."

கொண்டையப்பர் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பிலும் நடுக்கம் இருந்தது.

"மயிலால பட்ட பாடு மறந்துபோச்சா தம்பி? சரி, அதை விடு. தனியா ஒரு சத்தம் போட்டா, அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு பூனைக்கும் தெரியும், பருந்துக்கும் தெரியும். மொதல்ல சாகிறது நீதான். கூட்டத்தோட கூவுறவரைக்கும் யாரும் உன்னைக் குறிவச்சு அடிக்க முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஒரு வாசலும் திறக்கமாட்டேங்குதே, அண்ணாச்சி."

"திறக்கும். எத்தனை நாளைக்குப் பசியோட உள்ளே இருப்பாங்க?"

அதுதான் பச்சையனின் பயமும். பசி வந்தால் திறப்பார்கள். யாருக்குத் திறப்பார்கள்?

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தனியாக நின்று கூவ யாருக்குத் துணிச்சல்? சொல்லப்போனால் பச்சையனுக்கே இல்லை. மற்றவர்கள் சம்மதித்திருந்தால் அவர்களோடு சேர்ந்து தனித்திருக்கலாம் என்று நினைத்தவன்தான் அவனும்.

அங்கிருந்து அவன் அத்திமரத்துக்குப் போய், பழுத்த பழமாக ஒன்று பறித்து அலகில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் பொந்துக்கும் பட்டைக் கதவு உண்டு. பூனைப் பயம் வந்த பிறகு மரகதம் உள்ளிருந்து சாத்திக்கொள்வாள். குஞ்சுகள் பொரிந்துவிட்டதால் அவளால் விட்டு நகரவும் முடியாது. பழத்தை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மரகதம், நான்தான். திற."

பட்டை அசையவில்லை.

"மரகதம்?"

"நீங்கதானா?" என்றாள் மரகதம். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. "நேத்து வேலாயி வாசல்ல ரெண்டு பச்சையன் பேசினதை நான் கேட்டேங்க. ரெண்டும் உங்க குரல்தான். எது நீங்கன்னு எனக்குத் தெரியலை. கட்டின பொண்டாட்டிக்கே தெரியலைங்க."

"நான்தான் மரகதம். சத்தியமா நான்தான்."

"அதுவும் இப்படித்தான சொல்லும்?"

குஞ்சுகள் பசியில் கத்தின. கதவுக்கு இந்தப் பக்கம் பழம், அந்தப் பக்கம் பசி. நடுவில் ஒரு மரப்பட்டை. அன்று பூராவும் அவன் கெஞ்சினான். அவள் அழுதாளே தவிர திறக்கவில்லை. அவள் செய்தது சரி என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. பழத்தில் எறும்பு ஏறியது.

அடுத்த நாள் முழுக்க அவன் தோப்பின் ஓரத்தில் உட்கார்ந்து புதுப்புதுச் சத்தமாகப் போட்டுப் பார்த்தான். "குர்ர்" என்று ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டு இரண்டாம் முறை போடுவதற்குள் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"குர்ர்."

அவன் அடுத்த கிளைக்குத் தாவினான். "சிலிக்" என்று மாற்றினான். "சிலிக்" என்றது புதர். அது அவனைப் பின்தொடர்ந்துகொண்டே வருகிறது. அவன் அலகு என்ன செய்கிறதோ அதைப் பார்க்கிறது, பார்த்ததைச் செய்கிறது. அவனே அதற்கு வாத்தியார் ஆகிவிட்டான். அதற்குமேல் அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயில். காற்று நின்றுவிட்டது. இலைகூட அசையவில்லை. ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு, இன்றைக்காவது மரகதம் இரங்குவாளா என்று பச்சையன் வந்தான். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே அவனுக்குக் குரல் கேட்டது.

"மரகதம், நான்தான். பழம் கொண்டாந்திருக்கேன். குஞ்சுங்க செத்துப்போயிரும், மரகதம். திற."

காட்டுப்பூனை அவன் கிளையில் படுத்திருந்தது. பொந்து வாசலுக்குப் பக்கத்திலேயே, கையை மடித்து வைத்துக்கொண்டு, அவன் முந்தாநாள் கெஞ்சியதை ஒரு வார்த்தை விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தது. அழுகைகூட அவன் அழுகைதான்.

உள்ளே பட்டை நகர்கிற சத்தம் கேட்டது.

மரகதம் திறக்கிறாள். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு எந்தத் தாய் திறக்கமாட்டாள்?

"திறக்காதே!" என்று கத்த நினைத்தான் பச்சையன். பழம் கீழே விழுந்தது. ஆனால் அலகு திறக்கவில்லை. பயத்தில் தாடை பூட்டிக்கொண்டது. கத்தியிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. அதுவும் அதே குரலாகத்தான் இருந்திருக்கும். ஒரே குரல் திற என்றும் சொல்கிறது, திறக்காதே என்றும் சொல்கிறது என்றால் உள்ளே இருப்பவள் எதைக் கேட்பாள்? பட்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பூனையின் முன்னங்கால் மெதுவாக விரிந்தது. நகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பச்சையனின் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் தொண்டை புடைத்தது. மூடிய அலகுக்குள்ளே, தொண்டையிலேயே, அந்த அடி சத்தமாகிவிட்டது.

டொக்.

அவனுக்கே அது தன்னிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.

டொக். டொக். டொக்.

பட்டை நின்றது.

அந்தச் சத்தம் மரகதத்துக்குத் தெரியும். இந்தப் பொந்தை அவன் குடையும்போது அவள் பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கொண்டையப்பர் கொத்தினால் கடகடவென்று கொத்திவிட்டு நிறுத்துவார், மூச்சு வாங்குவார். பச்சையன் அப்படியில்லை. அவசரப்படாமல், நிறுத்தாமல், ஒரே சீராகக் கொத்துவான். பயந்தவன் வேலை அது. தப்பு வந்துவிடக்கூடாதே என்று அளந்து வைக்கிற கொத்து. அந்தச் சீரான கொத்துதான் இப்போது வெளியே, தூரத்தில், அவன் தொண்டையிலிருந்து வந்தது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சுகிற குரலோ இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

மரகதம் பட்டையைத் தடாலென்று சாத்தி முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டாள். பூனையின் நகம் பட்டையைக் கீறிக்கொண்டு வழுக்கியது.

பூனை திரும்பிப் பார்த்தது. பச்சையனின் அலகைப் பார்த்தது. அலகு மூடியிருந்தது. சத்தமோ வந்துகொண்டே இருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அது வாயைத் திறந்து பார்த்தது, மூடிப் பார்த்தது, கழுத்தை நீட்டிப் பார்த்தது. எவ்வளவோ முக்கிய பிறகு அதன் வாயிலிருந்து வந்தது அதன் சொந்தச் சத்தம். கரகரவென்று, இழுவையாக, ஒரு பூனைச் சத்தம். தோப்பு முழுக்க அதைக் கேட்டது. ஒவ்வொரு பொந்துக்குள்ளும் வளைக்குள்ளும் இருந்தவர்கள், இத்தனை நாள் தங்கள் வாசலில் தேன் என்றும் மீன் என்றும் பேசியது எது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

பூனைக்கு வெறி பிடித்துவிட்டது. ஆனால் அது அவன் பக்கம் வரவில்லை. மறுபடி பட்டைப் பக்கம் திரும்பியது. இனிக் கெஞ்சத் தேவையில்லை, பிய்த்துவிடலாம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பச்சையன் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றை அப்போது செய்தான். இலைகளை விட்டு வெளியே வந்தான். நேராக மரத்தின் உச்சிக்குப் பறந்து, ஒரு இலைகூட இல்லாத மொட்டைக் கிளையின் நுனியில், சுட்டெரிக்கிற வெயிலில், பூனைக்கும் பருந்துக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினான். டொக் டொக் டொக் டொக். நான் இங்கே இருக்கிறேன். என்னைப் பார்.

பூனை பார்த்தது. இரண்டே தாவலில் பாதி மரம் ஏறிவிட்டது.  பறந்துவிடு, பறந்துவிடு என்று சிறகுகள் துடித்தன. பறந்தால் அது மறுபடி கீழே போகும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கூவினான். கிளை ஆடியது. சூடான மூச்சு அவன் மேல் பட்டது. அடுத்த நொடி அது கையை வீசியது. ஒரு நகம் அவன் நெற்றியைக் கிழித்தது, இன்னொரு நகம் மார்பைக் கிழித்தது. அவன் அப்போதும் அலகைத் திறக்கவில்லை.

காய்ந்த மொட்டைக் கிளை ஒரு சின்னப் பறவையைத்தான் தாங்கும். பூனையைத் தாங்குமா? மளுக்கென்று முறிந்தது. பூனை கிளையோடு கிளையாக, அடித்துப் புரண்டு, கீழே இருந்த கருவேல முள்ளில் போய் விழுந்தது. நொண்டிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், கோரைக்குள் போய் மறைந்தது.

பச்சையன் ரத்தம் சொட்டச் சொட்டத் தன் வாசலுக்கு வந்து உட்கார்ந்தான். நான்தான் என்று சொல்லவில்லை. டொக், டொக் என்றான். பட்டை விலகியது.

மரகதம் அவன் நெற்றியைத் துடைத்தாள், மார்பைத் துடைத்தாள். ரத்தம் நின்றது, ஆனால் சிவப்புப் போகவில்லை.

"இலையோட இலையா இருந்தீங்க. இனிமே எங்க உக்காந்தாலும் தெரியுமே" என்றாள்.

"தெரியட்டும். தெரியாம இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? நீயே கதவைத் திறக்கலையே" என்றான் அவன்.

அன்று சாயங்காலமே கீழ்க்கிளையில் வேலாயி தானாகப் பட்டையை விலக்கி, "அந்த டொக் டொக் யாருப்பா, கொஞ்சம் இங்க வா. பிள்ளைகளைப் புதுப் பொந்துக்குக் கொண்டுபோகணும்" என்று கூப்பிட்டாள். மறுநாளிலிருந்து தோப்பில் திறந்த ஒரே வாசல் பச்சையனுக்குத் திறந்த வாசல்தான். பொந்து வேண்டும் என்றவர்கள் மரங்கொத்தியை நினைக்கவே இல்லை. தூரத்திலிருந்து கேட்டவர்களுக்கு அந்த டொக் டொக், குக்குக் என்று காதில் விழுந்தது. அந்தச் சிவப்பு நெற்றிக்காரனை, அந்தக் குக்குக் என்று கூவுகிறவனைக் கூப்பிடு என்றார்கள். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் பெயரே குக்குறுவான் என்று ஆகிவிட்டது.

கொண்டையப்பர் சில நாள் முறைத்துப் பார்த்தார். கட்டுப்பாடு, மானம், மயில் என்று ஏதேதோ பேசினார். ஒரு வாசலும் அவருக்குத் திறக்கவில்லை. கடைசியில் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போய், ஒரு காய்ந்த மரத்தில் கடகடவென்று மேளம் மாதிரி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மீன்கொத்தி ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டான். தையல்சிட்டு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய கத்தலைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் சத்தத்தை ஒருவர் எடுக்கவில்லை. எடுத்தால் பழைய கதைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே பாறையில் விடியலில் இன்றும் பறவைகள் கத்துகின்றன. ஆனால் யாரும் யாரோடும் சேர்ந்து கத்துவதில்லை. தெருவில் உப்பு விற்கிறவரும் கோலமாவு விற்கிறவரும் கீரைக்காரம்மாவும் ஆளுக்கொரு இழுப்பில் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் யாரிடம் கற்றார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பூனையும் அந்த நாளை மறக்கவில்லை. அது இன்றைக்கும் வேட்டைக்கு வரும்போது வாயைத் திறப்பதே இல்லை.

குக்குறுவானின் பயம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது போகவே இல்லை. பயத்தோடுதான் அவன் உச்சிக் கிளைக்குப் போனான், பயத்தோடுதான் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கிறான். அன்று தொடங்கியதுதான், மற்றப் பறவைகள் நிழலில் ஒடுங்கிக்கொள்ளும் உச்சி வெயிலில், இலையில்லாத கிளை நுனியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, நெற்றியிலும் மார்பிலும் சிவப்போடு, அலகைத் திறக்காமல் அவன் டொக் டொக் என்று கூவுவது. அந்தச் சத்தம் கேட்கிறவரை அணில்கள் வாசலைத் திறந்துபோட்டுக் கிளைகளில் விளையாடும். சட்டென்று அது நின்றுவிட்டால், எங்கே இருந்தாலும் ஓட்டமாக ஓடிவந்து பொந்துக்குள் புகுந்துகொண்டு, மறுபடி அது எப்போது கேட்கும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்.